பின் சக்கரத்துக்கு ஒரு கல்

10 நவம்பர் 2024, ஞாயிறு

இன்று சித்திரபுரத்தில் என் மானம் பின்பக்கமாக உருண்டது.

மகளையும் மாப்பிள்ளையையும் மூணாறு மலைக்குக் கொண்டுவிடப் போனோம். மகள் பிரதீபாவின் குவார்ட்டர்ஸுக்குப் போகிற கடைசி ஏற்றம் இருநூறு அடி இருக்கும். பாதியில் கார் நின்றுவிட்டது. கிளப்பினால் ஒரு முக்கு முக்கிவிட்டு அணைகிறது. பிரேக்கை விட்டால் பின்னால் போகிறது. வீட்டம்மா பலகாரப் பையோடு இறங்கினாள். மாப்பிள்ளை அருள்குமார் இறங்கித் தள்ளினார். ஐந்து மாத வயிற்றோடு பிரதீபாவும் இறங்கிவிட்டாள். "அப்பா, நீங்க ஏத்துங்க. நான் சக்கரத்துக்குக் கல்லு வெக்கறேன்." மாப்பிள்ளை வேண்டாம் என்றார். கேட்டால்தானே? தேங்காய் அளவுக்கு ஒரு கல்லை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

நான்கு அடி ஏற்றுவது, நிற்பது, கல். மறுபடி நான்கு அடி, கல். மேட்டு வீட்டு வராந்தாவில் ஒருவர் டீ குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். எங்கள் ஊர் பெருமாட்டியில் நான் பம்புசெட் மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவன் என்பது அவருக்குத் தெரியும். "மோட்டார் கடைக்காரரே, வண்டிக்குள்ள மோட்டார் இருக்குதா?" என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். காது மட்டும் சுட்டது.

13 நவம்பர், புதன்

சின்னையன் தோட்டத்து மோட்டார் கடைக்கு வந்தது. திறக்கவே வேண்டாம், வாசலில் இறக்கும்போதே கருகின வார்னிஷ் வாசம். தண்ணீர் அதிகம் வரட்டும் என்று அஞ்சு குதிரை மோட்டாருக்குப் பம்பில் பெரிய விசிறியை மாட்டியிருக்கிறான். காயில் முழுக்கக் கரி. மோட்டார் மேல் அதன் சக்தியைப் பொறித்த தகட்டைச் சின்னையனுக்குத் தட்டிக் காட்டி, "பிளேட்டுல என்ன எழுதிருக்குதோ, அதுக்கு மேல மோட்டாருகிட்டக் கேக்கப்படாது" என்று அரைமணி நேரம் பேசினேன். டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். பத்தாவதை இரண்டு தடவை எழுதினவனுக்கு இந்தப் பாடம் ஒன்றுதான் மனப்பாடம்.

17 நவம்பர், ஞாயிறு

மெக்கானிக் ஆறுச்சாமியிடம் காரைக் காட்டினேன். ஆறாம் வகுப்பிலிருந்து கூட்டாளி, அதனால் மரியாதை கிடையாது. ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான்.

"வண்டிக்கு ஒரு கேடும் இல்லடா மோகனு."

"அப்புறம் ஏன்டா ஏறலை?"

"மேட்டுல ஓட்டி உனக்குப் பழக்கமில்ல. பன்னண்டு வருஷ எஞ்சினு, ஒண்ணே முக்கா லட்சம் ஓடிருக்குது. அது பாட்டுக்கு ஓடட்டும், உடு."

முப்பது வருஷமாக ஓட்டுகிறேன். எனக்குப் பழக்கமில்லையாம்!

23 நவம்பர், சனி

காருக்கு இழுப்பைக் கூட்டித் தருகிற ஒரு கடைக்குக் கோயமுத்தூர் போனேன். வீட்டில் சர்வீஸ் என்று சொன்னேன். ஆறுச்சாமியிடம் ஒன்றுமே சொல்லவில்லை.

அந்தக் கடையில் ஸ்பேனரே கண்ணில் படவில்லை. தாடிக்காரர் ஒருவர் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் செருகி, லேப்டாப்பைத் தட்டினார். ரீமேப் என்று பேர். எஞ்சினுக்கு எவ்வளவு டீசல், எவ்வளவு காற்று என்று கம்பெனிக்காரன் எழுதி வைத்த கணக்கை அழித்துவிட்டு வேறு கணக்கு எழுதுகிறார். பழைய எஞ்சின் தாங்குமா என்று ஒரு தடவை கேட்டேன். "கம்பெனிக்காரன் பயந்துகிட்டு கம்மியா வெச்சிருப்பானுங்க. நாம தொறந்து உடறோம், அவ்வளவுதான்."

சின்னையனும் இப்படித்தான் நினைத்திருப்பான். அந்த நினைப்பு வந்தது. வந்த வழியே அனுப்பிவிட்டேன்.

24 நவம்பர், ஞாயிறு

ஐயோ, என்ன இழுப்பு! சாமி சத்தியமாக அது என் கார் இல்லை.

19 டிசம்பர், வியாழன்

மிதித்தால் பின்னால் கறுப்பாகப் புகை. பால் வண்டிக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டே முந்திப் போனார். போகும்போது என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. வீட்டம்மா, "ஏனுங்க, தீய்ஞ்ச வாசம் வருதே?" என்றாள். கிளட்ச் தீய்கிறது. வாசத்திலேயே காயிலைச் சொல்கிற மூக்கு என்னுடையது. "முன்னால போற லாரி" என்றேன்.

3 ஜனவரி 2025, வெள்ளி

ரேடியேட்டரில் மறுபடி தண்ணீர் குறைந்திருக்கிறது. கீழே ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. ஒழுகாத தண்ணீர் எங்கே போகும்? ஆறுச்சாமியைக் கேட்டால் சொல்லுவான். கேட்டால் மற்றதையும் சொல்ல வேண்டும். ஒரு சொம்பு ஊற்றி மூடினேன்.

இருபத்தாறாம் தேதி மேலே போய், மறுநாள் பிரதீபாவைப் பிரசவத்துக்குக் கூட்டி வருகிறோம். டாக்சி வைத்துக்கொள்ளலாமே என்று மாப்பிள்ளை போனில் மெதுவாகச் சொன்னார். தலைப்பிரசவத்துக்கு என் மகள் என் காரில்தான் வீட்டுக்கு வருவாள் என்றேன். பக்கத்தில் நின்ற பிரதீபா, "கல்லு எடுத்து வெக்கட்டுங்களாப்பா?" என்று சிரித்தாள். இந்தத் தடவை கல் வேண்டாம் அம்மிணி, பாரு.

26 ஜனவரி, ஞாயிறு. சித்திரபுரம்

உடுமலை, சின்னாறு எல்லாம் நன்றாகத்தான் வந்தது. மறையூர் தாண்டி ஏற்றத்தில் மிதித்தேன், பறந்தது. தலையாறு எஸ்டேட் பக்கம் எஞ்சின் சூட்டு முள் மேலே போனதை ஓரக்கண்ணால் பார்த்தேன். இன்னும் ஒரு வளைவு, இன்னும் ஒரு வளைவு... உள்ளே டொக் டொக் என்று சத்தம். பின்னால் வெள்ளையாகப் புகை, ரோடே தெரியவில்லை. அப்புறம் இழுப்பே இல்லை. வீட்டம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் தேயிலைச் சரிவு. எப்படி ஓரம் கட்டினேன் என்று தெரியவில்லை.

பின்னால் வந்த ஜீப்பிலிருந்து ஒருவர் குதித்து ஓடி வந்தார். எஸ்டேட் ஆட்களை ஏற்றுகிற ஜின்சன். "அண்ணாச்சி, மொதல்ல சாவிய அணைங்க! மூடியத் தொறந்துராதீக, வெந்நி மூஞ்சில அடிச்சிரும்." கொஞ்ச நேரம் கழித்து ஆயில் கம்பியை உருவிக் காட்டினார். பால் ஊற்றின காப்பி நிறத்தில் இருந்தது ஆயில். ஒழுகாத தண்ணீர் எங்கே போனது என்று அப்போதுதான் கண்ணால் பார்த்தேன்.

காரை அங்கேயே விட்டுவிட்டு அவர் ஜீப்பில் வந்தோம். அந்த ஜீப்புக்கு என் மகள் வயசு இருக்கும். உள்ளே ஒன்பது பேர், இரண்டு மூட்டை முட்டைக்கோஸ். அதே ஏற்றம். கீழேயே முதல் கியரில் போட்டார், நடக்கிற வேகம்தான், நேராக வாசலில் வந்து நின்றது. நான் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு சிரித்தார். நவம்பரில் என் கார் இங்கே நின்றதைச் சொன்னேன்.

"நீங்க பாதி ஏத்தத்துல ரெண்டாவதுக்கு மாத்திருப்பீக."

"ஆமாங்க."

"தரையில ஓட்டுறவுக எல்லாரும் அதான் செய்வாக. மாத்துற நேரம் வண்டி மூச்ச விட்டுரும் அண்ணாச்சி. ஒண்ணுலயே விட்டுட்டுப் பேசாம இருக்கணும்."

அவ்வளவுதான். இதற்காகத்தான் இவ்வளவும்.

மாப்பிள்ளை ஒரு வார்த்தை குத்திக் கேட்கவில்லை. பிரதீபாதான் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டாள்: "வண்டிய என்னங்கப்பா பண்ணுனீங்க?" சொன்னேன். லேப்டாப், புகை, தண்ணீர், எல்லாம். "எதுக்குங்கப்பா?" மேட்டு வீட்டுக்காரர் சிரித்தாரே, அதற்குத்தான் என்றேன். "அவரு மழை பேஞ்சாக்கூடச் சிரிப்பாருங்கப்பா" என்றாள்.

27 ஜனவரி, திங்கள்

பிரதீபா டாக்சியில் வீட்டுக்குப் போனாள், அம்மாவோடும் மாப்பிள்ளையோடும். நான் செத்த காரை லாரியில் ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தேன். ஆரத்தி எடுக்கும்போது நான் சின்னாறு செக்போஸ்டில் நிற்கிறேன். போன் செய்தாள். "எங்கீங்கப்பா வர்றீங்க? சாப்டீங்களா?"

லாரி கண்ணாடியில் பின்னால் என் கார் ஆடி ஆடி வருகிறது. ஒரு நாள்... ஒரே ஒரு நாள் தாங்கியிருந்தால்? இன்றைக்குத் திரும்பும்போது, மூணாறு ஏற்றத்தில், பின்சீட்டில் ஏழு மாசம் தாண்டின புள்ளைய வெச்சுக்கிட்டு அந்தப் புகையில... நானெல்லாம் ஒரு அப்பனா? முள்ளு ஏறுறதப் பாத்துட்டே ஓட்டிருக்கேன். பாத்துட்டே!

செக்போஸ்டில் வாங்கின டீ ஆறிப்போயிற்று.

9 பிப்ரவரி, ஞாயிறு

ஆறுச்சாமி எஞ்சினைத் திறந்தான். எஞ்சினில் தண்ணீரையும் ஆயிலையும் பிரித்து வைக்கிற ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. மூன்றாவது பிஸ்டன் தலையில் விரல் பதிகிற அளவுக்கு உருகின பள்ளம். எஞ்சினுக்குக் காற்றைத் தள்ளுகிற டர்போவின் இறக்கை ஆடுகிறது. அந்தப் பிஸ்டனை என் கையில் வைத்தான்.

"டீசல அதிகமா ஊத்தி ஊத்தி எரிச்சிருக்குது. அந்தச் சூட்ட இது எங்கடா தாங்கும்?"

அவன் கையைத் துடைத்துக்கொண்டு, என் குரலிலேயே சொன்னான்: "பிளேட்டுல என்ன எழுதிருக்குதோ, அதுக்கு மேல மோட்டாருகிட்டக் கேக்கப்படாதுங்." சின்னையன் டீக்கடை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறான் போல.

எல்லாம் மாற்றி, கம்பெனிக்காரனின் பழைய கணக்கையே திரும்ப எழுதச் சொல்லிவிட்டேன்.

28 மார்ச், வெள்ளி

பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனோம். ஆட்டோக்காரரிடம் ரீமேப் செய்திருக்கிறீர்களா என்று கேட்டேன். வீட்டம்மா முறைத்தாள்.

11 மே, ஞாயிறு

கார் வந்துவிட்டது. பழைய மந்தம், பழைய சத்தம். நன்றாக இருக்கிறது.

வாய்க்கால் கரை ஏற்றத்தில் பின்சீட்டில் நூறு தேங்காயைப் போட்டு ஓட்டிப் பழகினேன். பத்துத் தடவை. நான்கு தடவை அணைந்தது. எருமை ஓட்டி வந்தவர் நின்று பார்த்துவிட்டு, "தேங்காய எங்கீங்க கொண்டு போறீங்க?" என்றார். எங்கும் இல்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

1 ஜூன்

இருபது தடவை. ஒரு தடவைகூட அணையவில்லை.

6 ஜூலை, ஞாயிறு

பிரதீபாவையும் பேத்தியையும் சித்திரபுரத்தில் விட்டுவிட்டு வந்தோம். டாக்சி சொல்லட்டுமா என்று நானே கேட்டேன். "நம்ம வண்டியிலயே போலாமுங்கப்பா" என்றாள். வழியெல்லாம் மெதுவாக ஓட்டினேன். சூட்டு முள்ளைப் பார்த்தது போதாதென்று இரண்டு இடத்தில் நிறுத்தி, இறங்கி, வண்டியையே பார்த்துவிட்டு வந்தேன். பேத்தி மறையூரிலிருந்து தூங்கினாள்.

கடைசி ஏற்றம். கீழேயே நிறுத்தி முதல் கியரில் போட்டேன். பின்சீட்டில் பிரதீபா, மடியில் குழந்தையோடு, கதவுப் பிடியில் கை வைத்துவிட்டாள். பழக்கம்.

"எறங்கட்டுங்களாப்பா?"

"உக்காரு அம்மிணி."

கியர் கம்பியிலிருந்து கையை எடுத்து ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டேன். கார் அது பாட்டுக்கு முனகிக்கொண்டு ஏறியது. மேட்டு வீட்டுக்காரர் டீயோடு வராந்தாவுக்கு வந்தார். சிரிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. அப்படியும் சிரித்தார். நானும் கையைக் காட்டினேன். வாசலில் நிறுத்தினதும் பிரதீபா முன்னால் குனிந்து, "என்னங்கப்பா பண்ணுனீங்க இந்தத் தடவ?" என்றாள். "ஒண்ணுமே பண்ணல" என்றேன்.

அவளிடம் ஒன்று சொல்லவில்லை. ஜனவரியில் கேட்டபோதும் சொல்லவில்லை. போன நவம்பரில் இந்த நோட்டில்கூட எழுதவில்லை. அன்றைக்கு அந்த ஆள் சிரித்ததற்காக நான் கோயமுத்தூர் போகவில்லை. அன்று ஏற்றத்தில் பின்னால் பார்க்கிற கண்ணாடியில் அவளைப் பார்த்தேன், அதற்காகப் போனேன். ஒரு கையில் கல், ஒரு கை வயிற்றில். நான் வண்டியை முக்க வைத்த ஒரு நேரம் அவள் செருப்பு வழுக்கியது. விழவில்லை. விழவில்லை என்பதைக் காட்ட, கண்ணாடியைப் பார்த்து எனக்காக ஒரு தடவை சிரித்தாள்.