செத்தவர் பட்டியலில் என் மச்சான்

வாலேயா மாரே,
தவக்காலம், செவ்வாய்க்கிழமை

அன்பு மச்சான் ஸெனோவிக்கு,

உன் அக்காள் புருஷன் தனாஸே எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் ஸ்பெயினில் கட்டட வேலையில் நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். ஏனென்றால் போன சனிக்கிழமை முதல் இந்த ஊரில் நீ செத்துப்போனவன். அடுத்தவர் சொல்லி நீ பதறுவதைவிட, கொன்றவனே எழுதிவிடுவது மரியாதை அல்லவா?

அன்று இறந்தோர் சனிக்கிழமை. உன் அக்காள் சவேத்தா, போய்ச் சேர்ந்தவர்களுக்காகக் கோயிலில் படைக்கக் கோதுமையை அவித்து, சர்க்கரையும் அக்ரூட்டும் சேர்த்துத் தட்டில் அழுத்திக்கொண்டிருந்தாள். கையெல்லாம் பிசுக்கு. அதனால் கோயிலில் கொடுக்கும் பெயர்ச் சீட்டை என்னை எழுதச் சொன்னாள். இடப்பக்கம் உயிரோடிருப்பவர்கள், வலப்பக்கம் போய்ச் சேர்ந்தவர்கள்.

உன் பெயரை அவள் சொல்லவில்லை. உங்கள் அப்பாவின் அடக்கத்துக்கு நீ ஒரு நாள் தாமதமாக வந்து நின்றபோது, "எனக்குத் தம்பியே இல்ல" என்று வாசல் கதவை உன் முகத்தில் அறைந்தாளே, அன்றிலிருந்து நாலு வருடமாக அவள் வாயில் உன் பெயர் வந்ததே இல்லை. அவள் அடுப்புப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து நானே திருட்டுத்தனமாக உன்னைச் சேர்த்தேன். கண்ணாடி போடவில்லை. போட்டால் வயசு தெரிகிறதே!

நம் கோயில் அப்படியேதான் இருக்கிறது. கூரை இன்னும் ஒழுகுகிறது, புனித நிக்கோலாஸ் படத்துக்குக் கீழே அதே வாளி. நான் வழக்கம்போல் கணப்புப் பக்கம் நின்றேன், பக்தியால் அல்ல, முதுகுவலியால். உயிரோடிருப்பவர்களின் பெயர்களைப் பாதிரிச் சாமி விடிகாலையிலேயே பீடத்துக்குள் முணுமுணுத்து முடித்துவிடுவார், ஒருவர் காதிலும் விழாது. இறந்தவர்களைத்தான் ஊர் கேட்க உரக்கப் படிப்பார். படித்தார். என் அப்பா, உன் அப்பா, உன் அம்மா. அப்புறம், "ஸெனோவி."

இந்தப் பள்ளத்தாக்கில் அந்தப் பெயரைச் சுமப்பவன் நீ ஒருத்தன்தானே!

"அடப்பாவமே, கட்டடத்துலேருந்து விழுந்துட்டானா?" என்று பக்கத்து வீட்டு பராஸ்கா ஆரம்பித்துவிட்டாள். உன் அக்காள் கோதுமைத் தட்டை அவள் கையில் திணித்துவிட்டுப் பீடத்து வாசல்வரை போனாள்.

"சாமி, அவன் சாகல! அடிங்க அந்தப் பேர! எந்தக் குருடன் எழுதுனது?"

சாமி குழம்பிப்போய் இரண்டு சீட்டைத் தூக்கிக் காட்டினார். "நான் என்னம்மா பண்ணட்டும்? உங்க வீட்டுச் சீட்டுல செத்திருக்கான். நீ வாராவாரம் தனியாக் குடுக்குற சீட்டுல உசுரோட இருக்கான். நாலு வருஷமா நானும் உசுரோடதான் படிக்கிறேன். இப்ப எதை நம்புறது?"

பராஸ்கா கோதுமைத் தட்டோடு பீடத்து வாசலுக்கே வந்துவிட்டாள். ஞானஸ்நானம் வாங்கிய நாளுக்குப் பிறகு இதுவே முதல் தடவையாக இருக்கும்.

நாலு வருடம், மச்சான். ஒரு வாரம் விடாமல். எனக்குக்கூடத் தெரியாமல். நானோ அவளுக்குப் பயந்து உன்னை ஒளித்து எழுதுகிறேன். ஒரே கட்டிலில் இரண்டு திருடர்கள்.

வீடு வரைக்கும் எனக்கு அர்ச்சனைதான். "கண்ணாடி போட்டா மூக்கு தேஞ்சா போயிரும்? என் தம்பியக் கொன்னுட்டியேய்யா!" 'என் தம்பி' என்றாள். என் கண் மோசம், காது நன்றாகவே கேட்கும்.

சாமி சீட்டில் பெயரை அடித்துவிட்டார். ஊர் இன்னும் அடிக்கவில்லை. பராஸ்கா ஒரு ஜாடி முட்டைக்கோஸ் ஊறுகாயோடு துக்கம் விசாரிக்க வந்தாள். நீ சாகவில்லை என்று விளக்கினேன். "பாவம், மனசு ஏத்துக்க மாட்டேங்குது" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். ஊறுகாய் அருமை, திருப்பிக் கொடுக்கவில்லை.

ஆகவே நீ ஈஸ்டருக்கு நேரில் வந்து நின்றால்தான் தீரும். கணப்புப் பக்கத்து என் இடத்தைத் தருகிறேன், இதற்குமேல் ஒரு மனிதன் என்ன தர முடியும்? சவேத்தா உனக்கு எழுதச் சொல்லவில்லை, பொய் சொல்ல மாட்டேன். நேற்று வாசல் கதவின் கீலுக்கு எண்ணெய் விடச் சொன்னாள், அவ்வளவுதான். எதற்கு என்றேன். "சும்மா" என்றாள். விட்ட பிறகு இரண்டு தடவை திறந்து திறந்து பார்த்தாள்.

இந்தக் கடிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் எழுதினேன். ஆண்டவர் உன்னை என்றும் இடப்பக்கத்திலேயே வைத்திருக்கட்டும்.

உன்னைக் கொன்ற அன்பு அத்தான்,
தனாஸே