இறக்காத மூட்டைகள்

கோலியர்ஸ் வுட்,
மாசி 2004

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் துஷ்யந்தி வணக்கத்துடன் எழுதுவது. நான் இந்தக் குளிர் தேசத்திலும் சுகமாக இருக்கிறேன். உங்கள் முதுகுவலி எப்படி? லொறி ஓட்டம் முடிந்து வந்ததும் அம்மாவிடம் எண்ணெய் தடவிவிடச் சொல்லுங்கள்.

போன கிழமை வகுப்பில் ஒரு பகிடி நடந்தது. நூற்றெண்பது வருடத்துக்கு முன் அமெரிக்காவில் ஈரிக் கால்வாய் வெட்டியதும் கோதுமை மலிவாக நியூயோர்க் வந்ததைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். குதிரை இழுக்கும் படகுகள், நீர்மட்டத்தை உயர்த்தித் தாழ்த்தும் தண்ணீர்க் கதவுகளில் நின்று நின்று போகுமாம். ஒவ்வொரு கதவிலும் மூட்டைகளை இறக்கி, சோதித்து, திரும்ப ஏற்றினார்கள் என்று நானாகவே ஊகித்து எழுதிவிட்டேன்.

"ஏன் இறக்க வேண்டும்?" என்று விரிவுரையாளர் கேட்டார்.

"இறக்காமல் எப்படிப் போக விடுவார்கள்?" என்றேன். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகு, கொழும்புக்கு வெங்காயம் கொண்டுபோகையில் முகமாலை, ஓமந்தைச் சோதனைச் சாவடிகளில் நீங்கள் மூட்டைகளை இறக்கி ஏற்றுவதைச் சொன்னேன். அதற்குப் பிறகு வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை.

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டு மங்கை அக்கா இதைக் கேட்டுவிட்டு, "ஓம் பிள்ளை, நானும் அப்பிடித்தான் எழுதியிருப்பன்" என்றா.

இங்கே வரும் ஆட்களிடம் அம்மாவின் மிளகாய்த்தூள் கொஞ்சம் கொடுத்துவிடுங்கள். பொதியை இறுக்கித் தைக்க வேண்டாம், வழியில் கிழித்துப் பார்ப்பார்கள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அப்பா, அந்தப் படகுக்காரர்கள் வழியில் ஒரு கதவிலும் மூட்டையை இறக்கவில்லையாம். அதை வாசித்தபோது உங்கள் முதுகைத்தான் நினைத்தேன்.

அன்பு மகள்,
துஷ்யந்தி