அறுப்பின் பண்டிகையில் ஏலம் போன பந்து

பாறசாலை,
ஐப்பசி, ஞாயிறு சாயங்காலம்.

அன்பு மகன் ரெஜித்துக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நான், அப்பா, உன் தம்பி ஜிஜோ, அடைகாக்கிற கருப்புக் கோழி எல்லோரும் சுகம். நீயும் மஸ்கட்டில் சளி காய்ச்சல் ஏதும் இல்லாமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று கேட்டால்தான் எனக்கு இங்கே கஞ்சி இறங்கும். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்றைச் சொல்லத் தொடங்கும் முன்பே டூட்டிக்கு நேரமாச்சும்மா என்று வைத்துவிடுகிறாய். அதிலும் பந்து என்ற சொல் என் வாயில் வந்தால் போதும், உனக்கு எங்கிருந்தோ ஒரு டூட்டி முளைத்துவிடும். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார். ராபின்சன் மாமாவின் மருமகன் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை அங்கே திரும்புகிறான், அவன் கையில் இதையும் ஒரு பையையும் கொடுத்து விடுகிறேன். பையைத் திறக்கும் முன்னால் இதை முழுக்கப் படித்துவிடு, என் பிள்ளை அல்லவா.

இங்கே மழை விட்டபாடில்லை. அடுக்களை ஓட்டில் ஒழுகிய இடத்தை அப்பாவே ஏறி மாற்றினார், வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற ஆளா, கம்பி வைத்த காலோடு அவர் ஏணியில் நிற்க, நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொத்தனாருக்க வீடு ஒழுகினா ஆரு சிரிப்பா என்று கேட்கிறார். சாரத்திலிருந்து விழுந்து காரக்கோணம் ஆஸ்பத்திரியில் கிடந்ததெல்லாம் அவருக்கு மறந்துபோயிற்று, எனக்கு மறக்கவில்லை. இப்போது உதியன்குளங்கரையில் ஒரு வீட்டுக்குப் பூச்சு வேலை, பஸ்ஸில் போய் வருகிறார். எனக்கு அண்டியாபீஸில் முந்திரிப்பருப்புக்குத் தோல் உரிக்கிற வேலை வழக்கம்போல் நடக்கிறது. நீ ராத்திரி ஏசியைக் கூட்டி வைத்துவிட்டு ஈரத்தலையோடு படுக்காதே, சொன்னால் கேள்.

இனி உனக்குப் பிடிக்காத பேச்சுக்கு வருகிறேன், வைத்துவிடாதே. ஜிஜோவின் காலேஜ் கூட்டத்துக்குக் கூடைப்பந்துக் கோப்பை கிடைத்தது உனக்குத் தெரியும், அது எப்படிக் கிடைத்தது என்று நீ கேட்கவே இல்லை. முதல் ஆட்டத்திலேயே தோற்றார்கள் மக்கா. அன்றைக்கு ஜிஜோ வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்று சுவரைப் பார்த்துப் படுத்தான். கோச் ஜெயச்சந்திரன் சார் போனில் கூப்பிட்டு, நாளைக்கு விடியும்போது மைதானத்தில் நிக்கணும் என்று மட்டும் சொன்னாராம். அன்றிலிருந்து மழையில் தரை வழுக்கினால் பையன்கள் சாக்குப் போட்டு ஒற்றியெடுத்துவிட்டு ஆடினார்கள். அதற்கப்புறம் தோல்வியே இல்லை. நம்ம காலேஜ் பெயரைக் கேட்டுச் சிரித்தவர்களெல்லாம், பாறசாலைக்காரப் பிள்ளைகள் வந்தாச்சா என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். கேப்டன் உண்ணி வாசல் நிலையில் தலை இடிக்காமல் நம்ம வீட்டுக்குள் வர முடியாது, அத்தனை உயரம், ஆனால் நான் மரச்சீனிக் கிழங்கு அவித்து வைத்தால் சின்னப் பிள்ளைபோலச் சம்மணம் போட்டு உட்கார்ந்து தின்கிறான்.

ஃபைனல் திருவனந்தபுரத்தில் என்றதும் நானும் அப்பாவும் ரயிலில் போனோம். எனக்கு ஆட்டம் என்ன தெரியும், வலதுபக்க வளையத்தில் விழுந்தால் நமக்கு என்று அப்பா சொல்லித் தந்தார், அதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு தொண்டை வறளக் கத்தினேன். பாதியில் இடைவேளை விட்டு இரண்டு கூட்டமும் பக்கம் மாறியதை எனக்கு ஆரும் சொல்லவில்லை. நான் பாட்டுக்கு வலதுபக்கம் விழுந்ததற்கெல்லாம் எழுந்து நின்று கைதட்டுகிறேன், சுற்றியிருந்த நம்ம பிள்ளைகள் என்னை முறைக்கிறார்கள். கடைசியில் அப்பா என் சேலையைப் பிடித்து இழுத்து, நேசம், நீ இப்ப எதிராளிக்கு ஆளாக்கும் என்றார். இதைப் படித்து நீ சிரித்தால் எனக்குப் போதும்.

கடைசி நிமிஷத்தில் நமக்கு ஒரு பாயிண்ட் குறைவு. ஜிஜோவை எவனோ இடித்துத் தள்ளினான், அதற்கு இரண்டு தடவை சும்மா போட விடுவார்களாமே, உனக்குத் தெரியும். அவன் பந்தைத் தரையில் தட்டினான், பிறகு இடதுகையைச் சட்டையின் வயிற்றுப்பக்கம் ஒரு தரம் துடைத்தான். அதைப் பார்த்ததும் நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன் மக்கா. அது நீ. போடுகிறதுக்கு முன்னால் நீ துடைப்பாயே, சோறு தின்ன உட்காரும்போதுகூட துடைத்து என்னிடம் திட்டு வாங்குவாயே, அதே துடைப்பு. இரண்டும் விழுந்தது. எல்லோரும் ஜிஜோவைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள், நான் ஒருத்தி மட்டும் உன்னை நினைத்து உட்கார்ந்து அழுதேன்.

அன்று அவன் முதலில் கூப்பிட்டது உன்னைத்தான். வெளியே நின்று, வியர்வைகூடத் துடைக்காமல் கூப்பிட்டான். நீ நல்லது என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். திரும்பி வரும்போது ரயிலில் மற்றப் பிள்ளைகள் பாட்டுப் பாடுகிறார்கள், இவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அம்மா, அண்ணனுக்கு என்மேல வருத்தம் உண்டா, அவனுக்க இடத்தில நான் நிக்கிறேன்னு நினைக்கிறானா என்று கேட்டான். ஒன்றுமில்ல மோனே, அவனுக்கு வேலைத் தெரக்காக்கும், பேச நேரமில்ல என்று சொல்லி வைத்தேன். அவன் நம்பவில்லை. நானும் நம்பித்தான் சொன்னேனா என்று எனக்கே தெரியாது. அப்பா விழுந்து கிடந்த வருஷம் அதே கூட்டத்தில் ஆடிக்கொண்டிருந்த நீ, செமி ஃபைனலுக்கு முந்தின நாள் விசாவைக் கையில் வாங்கிக்கொண்டு, ஷூவைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறினாய். அதற்கப்புறம் இரண்டு லீவு வந்தது, இரண்டிலும் நீ வரவில்லை. உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் எழும்பாது. ஆனால் அந்தச் சின்னவன் கப்பு வாங்கிய பிறகும் தோற்ற மாதிரி நடக்கிறதை என்னால் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

இப்போது பந்து விஷயம். ஃபைனல் ஆடின பந்தில் பையன்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், ஜெயச்சந்திரன் சார் அதை ஜிஜோவிடம் கொடுத்தார். கப்பு காலேஜில் இருக்கிறது, பந்து நம்ம வீட்டுக்கு வந்தது. அவன் அதைத் துணியில் சுற்றி அலமாரியின் மேல் வைத்தான், எதற்கு என்று ஆரிடமும் சொல்லவில்லை. வினைக்கு அது போதாதா. போன ஞாயிறு நம்ம சபையில் அறுப்பின் பண்டிகை. முதல் வாழைக்குலை, கோழியின் முதல் முட்டை, முதல் சம்பளம் எதுவானாலும் முதற்பலனை ஆலயத்தில் வைக்காமல் நம்ம வீட்டில் அனுபவித்தது உண்டா. உன் அப்பாவுக்குத் திடீரென்று ஞானம் உதித்துவிட்டது, இந்த வருஷம் வீட்டில் விளைந்த முதற்பலன் இதுதான் என்று. ஒருத்தரிடமும் கேட்காமல் தோர்த்துத் துண்டுக்குள் பந்தைச் சுற்றிக்கொண்டு போய் பூசணிக்காய்க்கும் மரச்சீனிக்கும் நடுவில் பீடத்தின் முன்னால் வைத்துவிட்டார். வைத்தால் அது கர்த்தருக்கு உள்ளது, திரும்ப எடுக்கக்கூடாது, வேண்டுமென்றால் ஏலத்தில் கேட்டுத்தான் எடுக்கவேண்டும் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

ஆராதனை முடிந்து சாப்பாடு உண்டே என்று நான் அந்தப் பையன்களை எல்லாம் வரச் சொல்லியிருந்தேன். ஜிஜோ அவர்களோடு உள்ளே வந்தான், பூசணிக்காய் பக்கத்தில் பந்தைப் பார்த்தான், அவன் முகத்தில் ரத்தமே இல்லை. என் காதில் வந்து, அம்மா, அது அண்ணனுக்கு உள்ளதாக்கும், நாங்க எல்லாரும் சேர்ந்து வச்சதாக்கும் என்றான். அப்பா கேட்டுக்கொண்டு நின்றார். எனக்கிட்ட ஆரும் சொல்லியில்லையே என்று சொல்லிக்கொண்டே அவர் பீடத்தின் பக்கம் நடந்தார். எடுக்கப் போனவரை நான்தான் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். அவர் பேரில் எனக்கு வந்த கோபம் கொஞ்சமா, ஆனால் அவர் சட்டைப்பையைத் துழாவிக் காசை எண்ணுகிறதைப் பார்த்ததும் கோபம் எங்கே போயிற்றோ.

நம்ம சபையின் குறும்பு உனக்குத் தெரியுமே. வைத்தவனே தன் பொருளைக் கேட்டான் என்றால் விடமாட்டார்கள், ஏற்றி ஏற்றி அவன் வேட்டியை உருவி விடுவார்கள், சபைக்கும் வருமானம், எல்லோருக்கும் சிரிப்பு. அதில் முதல் ஆள் ராபின்சன். போன வருஷம் ஒருத்தன் தன் சொந்தப் பலாப்பழத்தை ஆட்டு விலைக்கு வாங்கிப் போனது அவனால்தான். ஏலம் விடுகிற பொன்னப்பன் பந்தைத் தூக்கிக் காட்டியதும் அப்பா காலை இழுத்துக்கொண்டு எழுந்து நின்று, சட்டைப்பையில் பஸ்ஸுக்கு வைத்திருந்ததை விலையாகச் சொன்னார். ராபின்சன் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தான். அப்போது ஜிஜோ எழுந்து, மாமா, இதில மட்டும் வேண்டாம், எங்க அண்ணன் வீட்டுக்கு வேண்டி பந்துகளியை விட்டுட்டுப் போனவனாக்கும், அவன் போடாம போன பந்தைத்தான் நான் போட்டேன், இது அவனுக்க கையில சேரணும் என்றான். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத பிள்ளை அவன். சொல்லி முடித்ததும் உட்கார்ந்துவிட்டான், உண்ணி அவன் தோளைப் பிடித்துக்கொண்டான்.

ராபின்சன் திறந்த வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தான். பொன்னப்பன் ஒரு தரம் என்றான், இரண்டு தரம் என்று சொல்லிவிட்டுச் சுற்றிலும் பார்த்தான். ஆரும் அசையவில்லை மக்கா. அந்த ஆலயம் ஏலத்தன்றைக்குச் சத்தமில்லாமல் இருந்து நான் பார்த்ததே கிடையாது, அன்று ஓட்டின்மேல் மழை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பெண்கள் பக்கத்தில் சிலர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். மூன்று தரம் என்று சொல்லி அவனே இறங்கி வந்து பந்தை அப்பா கையில் கொடுத்தான். அடுத்ததாகப் பூசணிக்காயைத் தூக்கினார்கள். ராபின்சன் ஒரு விலை சொன்னான், ஆரும் எதிர்த்துக் கேட்கவில்லை, அவனே அதற்கு மேலே ஒரு விலை சொன்னான், பிறகும் அவனே ஏற்றினான். உனக்கு நீயே போட்டியாடே என்று பொன்னப்பன் கேட்க, ஆலயம் முழுக்கச் சிரித்தது. பந்தில் சபைக்குப் போக வேண்டியதைப் பூசணிக்காயில் வைத்துவிட்டான் அந்த மனுஷன். இன்றைக்கும் அது அவன் கடை மேசையில் இருக்கிறது, கறி வைக்க மனசில்லையாம்.

வீட்டுக்கு வந்து அப்பா பந்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கையெழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார். பிறகு, அவன் போன அன்னு நான் கட்டில்ல கிடந்தேன், வாசல் வரைக்கும் கூட வந்து அனுப்ப ஒத்தில்லையே என்றார். அதை அவர் உன்னிடம் ஒருகாலும் சொல்லமாட்டார், அதனால் நான் எழுதுகிறேன். விமானத்தில் பந்தை அப்படியே கொண்டுபோக இடம் பிடிக்கும் என்று ஜிஜோ காற்றைத் திறந்துவிட்டான். இனி பையைத் திறந்து பார்த்துக்கொள். எல்லாப் பேரும் அதில் இருக்கும், உன் பேர் இருக்காது. நான்தான் கேட்டேன், அண்ணன் பேரையும் எழுதக்கூடாதா என்று. அதை அவனே எழுதணும், எழுதி அவனே கொண்டு வரணும், அதுக்குப் பிறகுதான் காலேஜ்ல கப்புக்குப் பக்கத்தில வைப்போம் என்று ஜெயச்சந்திரன் சாரும் பிள்ளைகளும் முடிவு செய்திருக்கிறார்களாம். கிறிஸ்துமஸுக்கு லீவு கேள். கிடைக்கவில்லை என்று என்னிடம் சொல்லாதே, தம்பியிடம் சொல்.

ரயிலில் அவன் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்ல முடியாது. உனக்கு வருத்தம் உண்டு என்றாலும் அதையும் அவனிடமே சொல், தம்பிதானே, தாங்கிக்கொள்வான். நல்லது என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதே.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், நீ நிற்கிற இடத்தில் உன் கால் வழுக்காமல் பார்த்துக்கொள்ளட்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். அப்பாவின் ஆசீர்வாதமும் உண்டு. பையில் வறுத்த முந்திரிப்பருப்பு ஒரு பொட்டலம் இருக்கும், பந்துக்குக் காற்றடிக்கிற ஊசியை அதற்குள்தான் வைத்திருக்கிறேன், தின்றுவிட்டுப் பொட்டலத்தை எறிந்துவிடாதே. காற்றடித்ததும் ஜிஜோவின் பேரைத் தேடிப் பார். மற்றவர்கள் எல்லாம் பெரிசாக எழுதியிருக்கிறார்கள், இவன் மட்டும் ஓரமாகச் சின்னதாக எழுதியிருப்பான். ஏன்லே இப்படி என்று கேட்டேன். பக்கத்தில அண்ணனுக்கு இடம் வேணுமே என்றான்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா நேசம்