எடுத்துக்காட்டுப் பெட்டி 9.3

ஜூன் 3, செவ்வாய்

பதிப்பகத்து அம்மா போன் செய்தார். எங்கள் உளவியல் பாடநூல் மறுபதிப்பு வருகிறதாம். ஒன்பதாம் அத்தியாயத்தை, அதாவது ஆளுமைக் கோட்பாடுகளை, நான்தான் திருத்தித் தர வேண்டும். "உளப்பகுப்பாய்வைத் தொட வேண்டாம் சார், அது நல்லா ஓடுது. மனிதநேயக் கோட்பாடுகளை மட்டும் கொஞ்சம் சுருக்கிடுங்க" என்றார். ஓடுவதற்கு அது என்ன சினிமாவா என்று கேட்க வாய் வரை வந்தது. சரி என்று மட்டும் சொன்னேன்.

வீட்டில் இருக்கும் பாடநூல்களை எல்லாம் மேசையில் பரப்பிப் பார்த்தேன். எல்லாமே ஒரே அச்சில் வார்த்தவை. மனிதன் அடிப்படையில் நல்லவன் என்று ஒரு வரி. ஐந்து நிறத்தில் தேவைகளின் பிரமிடு. நிபந்தனையற்ற ஏற்பு என்றால் என்ன என்று ஒரு வரையறை. அந்த மை காய்வதற்குள் குறைபாடுகள்: அளக்க முடியாது, அறிவியல் இல்லை, உலகத்தை ரொம்ப நல்லதாக நினைக்கிறது. வந்தவரை உட்காரச் சொல்லிவிட்டு அவருடைய செருப்பைக் கையில் எடுத்துக் கொடுத்த மாதிரி இருக்கிறது.

இத்தனை வருடமாக நானும் வகுப்பில் இப்படித்தான் நடத்துகிறேன். இந்தத் தடவையாவது உயிரோடு எழுத வேண்டும்.

ஜூன் 7, சனி

வாண்டு வந்துவிட்டாள். வயது இருபத்தேழு ஆகியும் மகளுக்கு வீட்டில் அந்தப் பெயர்தான். இரண்டு பெட்டி, ஒரு மேசை விசிறி. விசிறியைப் பார்த்ததுமே இது லீவு இல்லை என்று புரிந்துவிட்டது. காப்பீட்டு நிறுவன வேலையை விட்டுவிட்டாளாம், சொல்லாமல் கொள்ளாமல்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததை நினைத்து எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

ஜூன் 8, ஞாயிறு

காலையில் பால்கனியில் அவளே பேச்சை ஆரம்பித்தாள்.

"அங்க இருக்க முடியலப்பா."

"அங்க இருக்க முடியலன்னு உனக்குத் தோணுது."

"ஆமா, அதைத்தானே சொன்னேன்."

"நான் சரியாப் புரிஞ்சுக்கலன்னு நினைக்கிற."

"அப்பா, கிணத்துக்குள்ள பேசுற மாதிரி இருக்கு" என்று சிரித்துவிட்டு எழுந்து போனாள்.

பேசுபவர் சொன்னதையே அவருக்குத் திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. நானே எழுதியதுதான், முந்தைய பதிப்பில்.

ஜூன் 12, வியாழன்

காரணம் இன்னும் தெரியவில்லை. யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களா? உடம்புக்கு ஏதாவதா? இவளிடம், என் மனைவியிடம், கேட்டால், "அவ சொல்லும்போது சொல்லட்டும், உங்களுக்கு என்ன அவசரம்?" என்கிறாள். அம்மாவும் மகளும் சமையலறையில் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். நான் தண்ணீர் குடிக்கப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது.

எனக்கு அவசரமெல்லாம் இல்லை. தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்.

ஜூன் 17, செவ்வாய்

நிபந்தனையற்ற ஏற்புக்கு நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காமல் திண்டாடினேன். பழைய பதிப்பில் மார்க் குறைந்த பையன் கதை, படு வறட்சி. இன்று உட்கார்ந்தவுடன் கை தானாக ஓடியது. பக்கத்தின் நடுவே கட்டம் கட்டிப் போடும் எடுத்துக்காட்டு, பெட்டி 9.3. இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

'இளம்பெண் ஒருத்தி வேலையைத் துறந்து வீடு திரும்புகிறாள். அவளுடைய தந்தை காரணம் கேட்கவில்லை, கண்டிக்கவுமில்லை. அவளை அவளாகவே ஏற்றுக்கொள்கிறார். இந்த நிபந்தனையற்ற ஏற்பினால் தன்னம்பிக்கை பெற்ற அவள், சில மாதங்களில் முன்பைவிடச் சிறந்த பணியில் சேர்கிறாள்.'

பதிப்பகத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "கண்ணுல தண்ணி வந்துடுச்சு சார். அத்தியாயத்துலயே இதுதான் உயிர்" என்றார். நாள் முழுக்க விசில் அடித்துக்கொண்டு திரிந்தேன்.

ஜூலை 4, வெள்ளி

என்ன எழுதுவது.

திருத்தம் பார்க்க அச்சுப்படிகள் வந்திருந்தன. சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது வாண்டு படித்துக்கொண்டிருந்தாள்.

"இதுல வர்ற அப்பா ரொம்ப நல்லவரா இருக்காரே. யாருப்பா அவரு?"

"சும்மா ஒரு உதாரணம்மா."

"சரி. கடைசி வரி எதுக்கு?"

"பலன் காட்டணும்ல? இல்லன்னா படிக்கிற பசங்களுக்குப் புரியாது."

"அவ வேலைக்கே போகலன்னா?"

"அதைக் குறைபாடுகள்ல சேத்துடலாம்" என்றேன்.

தமாஷ் என்று நினைத்துச் சொன்னேன். சத்தியமா தமாஷாத்தான் சொன்னேன். இந்த வாயை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?

அவள் சிரிக்கவில்லை. தாள்களை ஓரம் சேர்த்து அடுக்கி வைத்தாள். "நான் சும்மாவே இருந்தாலும் உங்களுக்குப் பரவாயில்லையான்னு வந்த நாள்லேர்ந்து பாத்துட்டிருந்தேன்ப்பா. நீங்க எதுவும் கேக்காம இருந்தீங்களா, பரவாயில்ல போலன்னு நினைச்சுட்டேன். நீங்க அந்தக் கடைசி வரிக்காகக் காத்துட்டு இருந்திருக்கீங்க."

அப்போது ஒரே ஒரு வார்த்தை போதும். பரவாயில்லைம்மா. அதைச் சொல்வதற்கு என்ன படிப்பு வேண்டும்? நானோ, "நீ என்ன சொல்ல வர்றேன்னா..." என்று ஆரம்பித்தேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

ஜூலை 6, ஞாயிறு

தோழியின் அறைக்குப் போய்விட்டாள். சண்டையெல்லாம் இல்லை. "போய்ட்டு வரேன்ப்பா" என்றுதான் சொன்னாள். பெட்டிகளை நான்தான் கீழே இறக்கினேன். விசிறியை மட்டும் தர மாட்டேன் என்று அவளே தூக்கிக்கொண்டாள்.

ஜூலை 8, செவ்வாய்

பதிப்பகத்து அம்மாவிடம் பேசினேன். 9.3-இல் கடைசி வாக்கியத்தை எடுத்துவிடச் சொன்னேன்.

"எடுத்துட்டா கதை அந்தரத்துல நிக்குமே சார்? பொண்ணு என்ன ஆனான்னு பசங்க கேப்பாங்க. பக்கமெல்லாம் முடிச்சாச்சு வேற."

அந்தரத்தில் நிற்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். என்ன ஆனாள் என்று தெரியாமலே ஏற்றுக்கொள்வதுதான் நிபந்தனையற்ற ஏற்பு என்று பிடிவாதமாக நின்றிருக்கலாம். அத்தியாயத்தையே தர மாட்டேன் என்றிருக்கலாம். "சரி விடுங்க, இருக்கட்டும்" என்றேன். எப்போதும் போல.

ஆகஸ்ட் 14, வியாழன்

இவள் ஞாயிறு தவறாமல் வாண்டுவைப் பார்த்துவிட்டு வருகிறாள். இன்று என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களும் ஒரு நடை வரக்கூடாதா?"

"வந்து என்ன பேசுறது?"

"ஏங்க, பேசாம உக்காந்துட்டு வரத் தெரியாதா உங்களுக்கு?"

தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். கோபம் வந்தது, இவள் மேல் இல்லை. இந்த ஞாயிறு போகலாம் என்று முடிவு செய்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

போகவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

புத்தகம் வந்தது. அட்டை நன்றாக இருக்கிறது. உள்ளே பிரிக்கவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

வாண்டு போன் செய்தாள். இவளுக்கு இல்லை, எனக்கு. ஜூலைக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

"அப்பா, வேலை கிடைச்சிடுச்சு. பழைய இடத்தைவிட நல்ல இடம், சம்பளமும் கூட. அடுத்த ஞாயிறு நீங்களும் அம்மாவோட வாங்க."

சந்தோஷமாகப் பேசினாள். நானும் பேசினேன். எந்தப் பேருந்தில் வர வேண்டும் என்பது வரைக்கும் சொன்னாள்.

போனை வைத்துவிட்டு இவளிடம் ஓடினேன். இவளுக்கு விஷயம் முன்பே தெரியும். வாண்டு வேலை இல்லாமல் ஒற்றை அறையில் உட்கார்ந்திருந்த நாளெல்லாம் இவள் போய்ப் போய் வந்திருக்கிறாளே, தெரியாமல் இருக்குமா? "போன வாரமே சொன்னா. 'அம்மா, இனிமே அப்பாவை வரச் சொல்லலாம்'னா" என்றாள், வெங்காயம் உரித்துக்கொண்டே.

இனிமே.

வேலையை ஏன் விட்டாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அது அல்ல இப்போது மனதைப் போட்டு அறுப்பது. அவள் வேலை கிடைச்சிடுச்சு என்றதும், "ரொம்ப சந்தோஷம்மா" என்றேன் இல்லையா, அது வாய்க்காகச் சொன்னது இல்லை. நிஜமாகவே அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு. போனில் அவளுக்கும் அது கேட்டிருக்கும்.