வேடிக்கை பார்க்க யாரும் வராத நாள்

எப்போதும் அண்ணாந்தே நடந்த என் செல்லத் தம்பி தனாவுக்கு,

அங்கே வானம் எப்படி இருக்கிறது? கீழிருந்து பார்த்தே அலுக்காதவன் நீ. இப்போது மேலிருந்து பார்க்கிறாயோ என்னவோ.

இங்கே நவரைப் பட்டத்து நெல், கதிரை உள்ளே சுமந்து பொதி கட்டிவிட்டது. விடிகாலையில் ஏரிப்பக்கமிருந்து பனி இறங்கி, வரப்பு எது வயல் எது என்று தெரியாமல் கிடக்கிறது. அதற்குள் உன் டிரோனோடு போகும்போது, நீ பேட்டரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பதாகவே தோன்றும். கூப்பிட்டால் கலைந்துவிடுவாய் என்று கூப்பிடாமலேயே நடப்பேன்.

முதல் நாள் நினைவிருக்கிறதா? பயிருக்கு மருந்தடிக்கும் டிரோன் வந்திருக்கிறதென்று பாதி ஊர் வரப்பில் நின்றது. திருஷ்டி படக்கூடாதென்று அம்மா எலுமிச்சையும் மிளகாயும் கோத்து அதன் காலில் கட்டினாள். ஆளுயரம் எழும்பியதும் கயிறு இறக்கையில் சுற்றி, அது சேற்றில் குப்புற விழுந்தது.

"இன்னாடா தனா, பறக்கும்னு சொன்ன, ஏர் ஓட்டிக்கினு கீது?" என்றார் முனுசாமி மாமா. ஊரே சிரித்தது. நீயும் சிரித்தாய். எனக்குத்தான் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

சேற்றைக் கழுவிக்கொண்டே நீ சொன்னாய்: "இப்ப வேடிக்கை பாக்க வராங்க. அப்புறம் கூப்புடுவாங்க, ஆனா நம்பமாட்டாங்க. எப்ப வேடிக்கை பாக்கவே ஆளு வரலையோ, அன்னிக்குத்தான்க்கா இது ஊருக்குள்ள வந்துச்சுன்னு அர்த்தம். டிராக்டரு, அறுப்பு மெஷினு, எல்லாம் அப்படித்தான வந்துச்சு?"

அப்படியே ஆயிற்று. கூப்பிட்டார்கள், நம்பவில்லை. மாமா வயலில் நாம் அடித்துவிட்டு வந்த மறுநாளே, முதுகு ஸ்பிரேயரோடு ஒருவரை அனுப்பி அதே வயலில் இன்னொரு தரம் அடிக்கவைத்தார். "எலகூட நனையல, பூச்சி எப்படி சாவும்?" என்று கேட்டார். இரட்டை மருந்தில் பயிர் நுனி கருகியது. பழி டிரோன்மேல் விழுந்தது. அந்தப் பழி தீருமுன்னே காய்ச்சலில் நீ போய்விட்டாய். என்னடா அவ்வளவு அவசரம் உனக்கு?

"அந்த டிரோனப் பாத்தாலே வயிறு எரியுது, வித்துடும்மா" என்றாள் அம்மா. இந்த நவரையிலும் ஊர் நம்பாவிட்டால் விற்றுவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பயிற்சிக்குப் போய் உரிமமும் வாங்கினேன். ஆனால் போன வயலெல்லாம் ஆட்கள் வரப்பில் உட்கார்ந்து, பொம்பளை ஓட்டுகிறாளே என்று இன்னும் உற்றுப் பார்த்தார்கள். விற்கத்தான் வேண்டும் போலிருக்கிறது என்று மனம் விட்டுப்போயிற்று.

போன வாரம் மாமா போன் செய்தார். "பூச்சி வந்துக்கினு கீதும்மா, வந்து அடிச்சிட்டுப் போ."

"நீங்க எப்ப மாமா வயலுக்கு வருவீங்க?"

"நா இன்னாத்துக்கு? பழையசீவரத்துல ஒரு கல்யாணம் கீது. நீயே அடிச்சிட்டுப் போ."

மறுநாள் பனி விலகியதும் மாமா வயலில் டிரோனை எழுப்பினேன். வரப்பில் ஒருவரும் இல்லை. தூரத்தில் மாடு ஓட்டிப்போனவர்கூடத் தலையைத் தூக்கவில்லை. வயல் முழுக்க அந்தச் சத்தம் மட்டும் மிதந்து போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் உறைத்தது. தனா, நீ சொன்ன நாள் வந்துவிட்டது. ஜெயித்த நாள் இவ்வளவு ஆளரவமில்லாமல் இருக்கும் என்று ஏன் நீ சொல்லவில்லை? தனியாக நின்று அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வழக்கம்போல எலுமிச்சையோடு சுற்றிப்போட வந்தாள். "இன்னிக்கு யாருமே பாக்கலம்மா. மாமாகூட வயலுக்கு வரல, நம்பி விட்டுட்டாரு. திருஷ்டி ஏது?" என்றேன். சுற்ற எடுத்த கையை இறக்கினாள். "அப்ப விக்க வேணாம்" என்றாள். பிறகு அந்தப் பழத்தையே பிழிந்து எனக்கு ஜூஸ் போட்டுக் கொடுத்தாள்.

இனி ஊர் அதை அண்ணாந்து பார்க்காது. அதற்காக வருத்தப்படாதே. அது எழும்பும் ஒவ்வொரு முறையும் நான் பார்ப்பேன். ஓட்டுவதற்காக மட்டும் இல்லை, உன்னோடு சேர்ந்து வேடிக்கை பார்க்கவும்தான். இது சத்தியம்.

வரப்பில் நிற்கும்,
உன் அக்கா கலா