வலிக்காத விரல்கள்

நெல்லிவாசல், 1959

கர்த்தருக்குள் அன்பான அப்பாவுக்கு, கிருபாவதி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். அம்மாவின் இருமல் தணிந்ததா?

நேற்று எங்கள் குஷ்டரோக விடுதியில் கொதிக்கும் களிச் சட்டியை வெறுங்கையால் இறக்கிவிட்டேன். இரண்டு விரல்கள் கொப்புளித்தன. பயப்படாதீர்கள், கொஞ்சமும் வலிக்கவில்லை.

நோயாளி செந்தாமரைதான் பார்த்துவிட்டு அழுதாள். "அக்கா, எனுக்கும் இப்டித்தான் ஆரம்பிச்சுது" என்றாள். அதுவரை என்னை நர்சம்மா என்றவள்.

பாடுகள் வீண்போகாது என்று பிரசங்கத்தில் சொல்வீர்களே, அப்பா, அது இந்த 'அக்கா'வுக்காகத்தானா? அப்படியானால் நான் ஏன் இன்னும் நடுங்குகிறேன்?

டாக்டர் திங்கட்கிழமை பார்ப்பார். அம்மாவிடம் சொல்ல வேண்டாம். சட்டி பிடிக்க, பழைய சேலையில் துணி தைத்து அனுப்பச் சொல்லுங்கள், போதும்.

கடிதத்தை வாங்கிப்போய்த் தபாலில் சேர்க்க, சந்தைக்குப் போகும் புளி மூட்டைக்காரர் காத்திருக்கிறார். என் விரல்கள் வலிக்க வேண்டும் என்று ஜெபியுங்கள்.

உங்கள் கிருபா