கை விழுந்த படங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

வீட்டில் எல்லாரும் நலம் என்ற வரியோடுதான் வழக்கமாகத் தொடங்குவேன். இம்முறை அதைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நிற்பாள், அதனால்தான் கடிதம். கப்பல் துறைமுகத்தைத் தொட்டதும் உங்கள் கையில் கிடைத்துவிடும் என்று கப்பல் அலுவலகத்தில் சொன்னார்கள்.

போன வாரம் நான் நடத்திய ஆசிரியர் பயிற்சிக்கு அம்மாவும் வந்திருந்தாள். பட்டியல் போட்டவர்களுக்கு நாங்கள் தாயும் மகளும் என்று தெரியாது. நாங்களும் வாய் திறக்கவில்லை. வகுப்பில் அவள் என்னை "மேடம்" என்றுதான் கூப்பிட்டாள், ஒரு நமட்டுச் சிரிப்போடு. மூன்றாம் நாள் எங்கள் சாப்பாட்டு டப்பாக்களின் மூடி மாறிப்போய், கணக்கு சார் கண்டுபிடித்துவிட்டார். "அப்ப வீட்டுல யாரு யாருக்கு மேடம்?" என்று அவர் கேட்டதும் கூடமே சிரித்தது.

எந்தப் பாடமானாலும் ஓவியத்தையும் கேமராவையும் அதற்குள் கொண்டுவர வேண்டும், அதுதான் பயிற்சி. கணக்கு சார் பின்னங்களை வண்ணக் காகிதத்தில் வெட்டினார். அறிவியல் டீச்சரான அம்மா நிலாவை எடுத்துக்கொண்டாள். கறுப்பு அட்டையில் காகித நிலாவைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு போட்டோ. இன்னும் கொஞ்சம் நகர்த்தி இன்னொன்று. நூறு போட்டோக்களை வேகமாக ஓட்டினால் நிலா பூமியைச் சுற்றி வரும்.

ஒரு வருடமாக அவள் விருப்ப ஓய்வு என்று சொல்லிக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியும். "இந்தக் கம்ப்யூட்டர் கண்றாவியெல்லாம் இனிமே என் மண்டையில ஏறாது" என்பாள். நானும் அதை நம்பி, எத்தனை முறை சிடுசிடுத்திருக்கிறேன்.

பக்கத்தில் இருந்த மொழி டீச்சர்தான் அவளுக்காகப் பட்டனை அழுத்தினார். எல்லாப் படத்திலும் அம்மாவின் கை விழுந்திருந்தது. கையை விலக்கிய பிறகுதான் எடுக்க வேண்டும், இதையெல்லாம் அழித்துவிட்டு மறுபடி எடுங்கள் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். எடுத்தார்கள். திரையில் போட்டால் நிலா சுற்றவில்லை. மேலும் கீழுமாகத் தத்தளித்தது. "டீச்சர், உங்க நிலாவுக்குக் குளிர் ஜுரமா?" என்றார் கணக்கு சார். முதலில் சிரித்தவள் அம்மாதான்.

அன்று மாலை, படம் எடுக்கப் பயிற்சியில் கொடுத்திருந்த போன்களைத் திரும்ப வாங்கி அடுக்கும்போது பார்த்தேன். அவளுக்கு அழிக்கத் தெரியவில்லை. முதலில் எடுத்த படங்கள் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றிலும் அவள் இடது கை வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருக்கிறது, அப்பா. அப்படியும் விரல்கள் மங்கலாகத்தான் விழுந்திருக்கின்றன.

பிறகுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. தேநீரை அரைக் கோப்பைதான் ஊற்றுகிறாள். ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிடுகிறாள். கண் சரியில்லை என்று சொல்லியிருந்தாள்.

கடைசி நாள் ஒவ்வொருவரும் பயிற்சி நடந்த பள்ளியின் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் நடத்த வேண்டும். அம்மா கரும்பலகைப் பக்கமே போகவில்லை. காகித நிலாவை முன்வரிசைச் சிறுமியிடம் கொடுத்து, "என் கை நடுங்கும் கண்ணு. நீதான் நகர்த்தணும்" என்றாள். நம் இருவரிடமும் ஒரு வருடமாகச் சொல்லாததை நாற்பது பிள்ளைகளிடம் சொல்லிவிட்டாள். நான் கடைசி பெஞ்சில் மதிப்பெண் தாளோடு உட்கார்ந்திருந்தேன். வலிக்குமா டீச்சர் என்று கேட்டது அந்தப் பெண். "வலிக்காது. எழுதத்தான் வராது" என்றாள் அம்மா. "அப்ப நாங்க எழுதுறோம்" என்று அது எழுந்து சாக்பீஸை எடுத்துக்கொண்டது. அவ்வளவுதான். பாடம் தொடர்ந்தது. அம்மா கேள்வியாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள், பிள்ளைகள் முட்டி மோதிக்கொண்டு படம் எடுத்தார்கள். அவர்கள் நிலா ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் கைகள் மறுபடி முந்தானைக்குள் போய்விட்டன. நானும் கேட்கவில்லை. நான் கேட்டால் மேடம் கேட்டதுபோல் ஆகிவிடும். என்னை ஊமைக்கோட்டான் என்பீர்களே, அது சரிதான்.

விருப்ப ஓய்வு விண்ணப்பம் பீரோவில் இருக்கிறது. "குடும்பச் சூழ்நிலை" என்று காரணம் போட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டாள். கோணல்மாணலான கையெழுத்து. தேதி மட்டும் போடவில்லை. மாத முடிவுக்குள் கொடுத்தாக வேண்டும்.

நீங்கள் கரைக்கு வந்ததும் அவளைக் கூப்பிடுங்கள். கையைப் பற்றிக் கேட்காதீர்கள். நிலா பாடம் எப்படிப் போனது என்று மட்டும் கேளுங்கள். அவள் சொல்லத் தொடங்கினால் குறுக்கே பேசாதீர்கள். டாக்டரிடம் போகலாம் என்று நீங்கள் சொன்னால் கேட்பாள். நான் கூட்டிப் போகிறேன்.

அந்தப் படங்களில் ஒன்றை இதனுடன் வைத்திருக்கிறேன். மற்றவற்றையும் நான் அழிக்கவில்லை.

வீட்டில் எல்லாரும் நலம், அப்பா. சீக்கிரம் கூப்பிடுங்கள்.

உங்கள்
ஊமைக்கோட்டான்